சூப்பர்மேன், பேட்மேன், பழைய ஜெர்மன் படங்கள்: கேள்வி பதில்

கே: டிசி காமிக்ஸ் தன் நாயகர்களைப் பழைய ஜெர்மன் படங்களின் உலகில் வைத்து வெளியிட்ட அந்த மூன்று ‘எல்ஸ்வேர்ல்ட்ஸ்’ (மாற்று உலகக் கதை) புத்தகங்களை எந்த வரிசையில் படிப்பது?

ப: வெளிவந்த வரிசையில். ‘சூப்பர்மேன்’ஸ் மெட்ரோபோலிஸ்’ 1996, ‘பேட்மேன்: நோஸ்ஃபெராட்டு’ 1999, ‘வொண்டர் வுமன்: தி ப்ளூ அமேசான்’ 2003. ஓவியர் டெட் மெக்கீவர். ஆனால் அவற்றுக்கு மூலமான படங்களை முதலில் பாருங்கள். ‘மெட்ரோபோலிஸ்’ (1927) என்றால் 2010-இல் வந்த நீளமான பதிப்புதான். 2008-இல் பியூனஸ் அயர்ஸ் அருங்காட்சியகத்தில் கிடைத்த 16 எம்எம் பிரதியிலிருந்து சுமார் 25 நிமிடம் அதில் சேர்ந்தது. கீறல் விழுந்து மங்கலாக வரும் இடமெல்லாம் அந்தப் பகுதி. வெட்டிய பிரதியைப் பார்த்துவிட்டுக் கதை புரியவில்லை என்று சொல்லாதீர்கள்.

கே: இது டிசியின் மெயின் கதையோடு சேருமா?

ப: சேராது. தனி உலகம்.

கே: பேட்மேனுக்கும் ஜெர்மன் பேய்ப்படத்துக்கும் என்ன சம்பந்தம்? வலிந்து ஒட்டியதுபோல இருக்கிறது.

ப: எனக்கு இது சொந்த ஊருக்குத் திரும்புவதுபோலத்தான் தெரிகிறது. கான்ராட் வைட் என்ற நடிகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-இல் ‘டாக்டர் காலிகரி’ படத்தில் தூக்கத்தில் நடந்து கொலை செய்யும் செசாரே அவர்தான். 1928-இல் ‘தி மேன் ஹூ லாஃப்ஸ்’ படத்தில், வாய் எப்போதும் சிரித்தபடியே உறைந்துபோனவராக நடித்தார். அந்த முகம்தான் 1940-இல் ஜோக்கர் ஆனது. ‘பேட்மேன்: நோஸ்ஃபெராட்டு’ காமிக்ஸில் ஜோக்கருக்குச் செசாரேயின் வேடம். ஒரே நடிகரின் இரண்டு முகங்களும் ஒன்றாகிவிட்டன!

‘காலிகரி’யில் நிழலும் வெளிச்சமும்கூட செட்டில் பெயின்டால் வரைந்தவை. சுவர் சாய்ந்திருக்கும், ஜன்னல் கோணியிருக்கும். மெக்கீவரின் கோணல் கோட்டுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

கே: ஜோக்கரை உருவாக்கியது பேட்மேன் ஓவியர் பாப் கேன். வைட் கதையெல்லாம் பிறகு கட்டியது.

ப: இல்லை. பேட்மேன் கதை எழுதிய பில் ஃபிங்கர்தான் வைட்டின் புகைப்படத்தைக் கொண்டுவந்தார் என்று கேனே சொல்லியிருக்கிறார்.

கே: அப்படியென்றால் கேனின் உதவி ஓவியர் ஜெர்ரி ராபின்சன்?

ப: சீட்டுக்கட்டு ஜோக்கரை வரைந்து யோசனையைத் தொடங்கியதே தான் என்றார் ராபின்சன். அந்தச் சீட்டு பிறகு வந்தது என்றார் கேன். இந்த வழக்கு தீராது. ஆனால் புகைப்படத்தை ஃபிங்கர் கொண்டுவந்தார் என்பதில் இருவர் பேச்சும் ஒத்துப்போகிறது. ஃபிங்கர் 1974-இல் இறந்தார். பேட்மேன் படைப்பாளர் வரியில் அவர் பெயர் ஏறியது 2015-இல். அதனால் “கேன் மட்டும்” என்று யாராவது எழுதினால் விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

கே: மூன்றாவதை மட்டும் வாங்கலாமா? வொண்டர் வுமன் ரசிகன் நான்.

ப: முதல் பதிலைப் பாருங்கள். 1930-இல் மார்லீன் டீட்ரிச் நடித்த ‘தி ப்ளூ ஏஞ்சல்’ பார்த்துவிட்டு அதற்கு வாருங்கள்.

கே: எந்த வரிசையில் படிக்கணும்?

ப: மேலே இருக்கிறது.

கே: ‘நோஸ்ஃபெராட்டு’ (1922) ஆன்லைனில் பார்த்தேன். வேம்பயர் பட்டப்பகலில் நடக்கிறதே?

ப: மறுபடியும் பிரதிதான் பிரச்சினை. இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து, ஃபிலிமுக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். சாயம் இல்லாத பிரதியில் அவர் வெயிலில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு போவார். நீலம் உள்ள பதிப்பைத் தேடிப் பாருங்கள், அதே தெரு ராத்திரியாகிவிடும்.