சட்டத்திலும் தத்துவத்திலும் ‘கெடுநோக்கு’ என்றால் என்ன?

வெளியே ஒரு நோக்கத்தைக் காட்டி, உள்ளே வேறொன்றை வைத்துக்கொண்டு நடப்பதே சட்டத்தில் கெடுநோக்கு; பேச்சு வழக்கில் ‘உள்நோக்கம்’ என்போம். வீட்டை விற்பதாக முன்பணம் வாங்கியவர், கூடுதல் விலைக்கு வேறொருவரிடம் பேசி முடித்துவிட்டு, முதலாமவரிடம் ‘பட்டா வரட்டும், அடுத்த வாரம் பத்திரம் போட்டுவிடலாம்’ என்று மாதக்கணக்கில் சொல்லிவந்தால், அந்த ஒவ்வொரு ‘அடுத்த வார’மும் கெடுநோக்குதான். ஒப்பந்தம் என்பது எதிராளியின் சொல்லை நம்பி நம் பணத்தையும் காலத்தையும் ஒப்படைப்பது என்பதால், அந்த நம்பிக்கையையே கருவியாக்குவதைச் சட்டம் பொறுப்பதில்லை.

அரசின் ஆணையும் கெடுநோக்கால் ரத்தாகலாம். ஆனால் அதை நிரூபிக்கும் சுமை குற்றஞ்சாட்டுபவர் மீதே இருக்கிறது. தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பா தம் பணிமாற்றத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், அந்தச் சுமை மிகக் கனமானது என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் கூறி, கெடுநோக்கு நிரூபிக்கப்படவில்லை என முடிவு செய்தது.

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் சார்த்ர் 1943-இல் இச்சொல்லை வேறு பொருளில் விளக்கினார்: அங்கே ஏமாற்றுபவரும் ஏமாறுபவரும் ஒருவரே. ‘என் சுபாவமே இப்படித்தான், என்னால் மாற முடியாது’ என்பவர், தாமே தேர்ந்தெடுத்ததைத் தேர்வே அல்ல என்று தம்மிடமே மறைக்கிறார். தாமதத்துக்குப் பட்டாதான் காரணம் என்று அந்த வீட்டுக்காரர் தாமே நம்பத் தொடங்குவதைப் போன்றது அது.

கவனக்குறைவையும் கெடுநோக்கு என்று பலர் எண்ணுகிறார்கள்; ஆனால் இந்தியாவின் 1897-ஆம் ஆண்டுப் பொது உட்பிரிவுகள் சட்டப்படி, நேர்மையாகச் செய்த செயல் கவனக்குறைவாகச் செய்யப்பட்டிருந்தாலும் நல்லெண்ணத்தோடு செய்ததாகவே கொள்ளப்படும், குற்றவியல் சட்டமோ உரிய கவனத்தையும் சேர்த்துக் கேட்கிறது.