டிஎன்ஏ சோதனைக்குக் கொடுத்த மரபணுத் தகவலை இனி எப்படிப் பாதுகாப்பது?

அமெரிக்காவில் எச்சில் கொடுத்து டிஎன்ஏ சோதனை செய்துகொண்டவர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். நானும் இங்கேதான் துப்பிக் கொடுத்தேன். குழாயில் போட்டிருக்கும் கோட்டை எச்சில் தொட வேண்டும். நுரை கணக்கில் வராது. பத்து நிமிடம் ஆயிற்று. அந்த நேரத்தில் விதிமுறைகளில் இரண்டு பக்கமாவது படித்திருக்கலாம்.

கடவுச்சொல் வலுவாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. 2023-இல், எச்சிலை வாங்கி டிஎன்ஏ சோதனை செய்துதரும் 23அண்ட்மீ நிறுவனத்தில் திருடர்கள் நேரடியாக நுழைந்தது சுமார் 14,000 கணக்குகளில்தான். வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொற்களையே இங்கும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், திறந்துகொண்டது. ஆனால் உறவினரைக் கண்டுபிடித்துத் தரும் வசதி வழியாக ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் போயின. பெயர், பிறந்த ஆண்டு, யாருக்கு யார் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பதெல்லாம். நீங்கள் பூட்டிய வீட்டுக்குள் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டுக் கொல்லை வழியாக வந்துவிட்டார்கள். ஆகவே முதல் வேலையாக அந்த வசதியை நிறுத்துங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பும் கட்டாயம்.

சட்டத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். மருத்துவமனைகளைக் கட்டுப்படுத்தும் ஹிப்பா சட்டம் பொதுவாக இந்த நிறுவனங்களைத் தொடாது. 2008-இல் வந்த ஜினா சட்டம் மருத்துவக் காப்பீட்டுக்காரரும் வேலை கொடுப்பவரும் மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும். ஆயுள் காப்பீட்டை விட்டுவிட்டது. 2025 மார்ச்சில் 23அண்ட்மீ திவாலானபோது வாடிக்கையாளரின் மரபணுத் தகவலும் ஏலத்துக்கு வந்த சொத்துகளில் ஒன்று. தகவலை அழித்துவிடுங்கள் என்று கலிஃபோர்னியாவின் தலைமை வழக்கறிஞரே மக்களுக்கு அறிவுறுத்தினார்.

அழிப்பதென்றால் வரிசை முக்கியம். வேண்டுமானால் சோதனையில் கிடைத்த மூலத் தரவை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஆராய்ச்சிக்குக் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுங்கள், எச்சில் மாதிரியை அழிக்கச் சொல்லுங்கள், கடைசியாகக் கணக்கை மூடுங்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஒன்று வரும்; அதிலுள்ள இணைப்பை அழுத்தினால்தான் காரியம் முடியும். எனக்கு அது குப்பை அஞ்சலில் போய் விழுந்திருந்தது. அழித்துவிட்டேன் என்று மூன்று நாள் நிம்மதியாக இருந்தேன்.

ஏற்கெனவே ஆராய்ச்சியில் கலந்துபோன தகவல் திரும்பாது. சட்டப்படி ஆய்வகம் வைத்திருக்க வேண்டிய பதிவுகளும் கொஞ்சம் மிஞ்சும்.

என் தம்பி இன்னும் அழிக்கவில்லை. என் மரபணுவில் ஏறக்குறைய பாதி அவனிடமும் இருப்பதால், நான் செய்ததும் பாதி வேலைதான். பொங்கலுக்கு வருகிறான். பழைய கடவுச்சொல்லைத் தேடி எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.