இறால் குட்டையில் நட்ட கன்று ஏன் கருகியது?

கேள்வி: முத்துப்பேட்டைப் பக்கம் கழியை ஒட்டி (கடல்நீர் உள்ளே வந்து போகும் நீர்ப்பரப்பு) எங்களுக்கு ஒரு பழைய இறால் குட்டை இருக்கிறது. இறால் விடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அதில் அலையாத்தி வளர்க்க ஆசைப்பட்டுப் பிச்சாவரம் பக்கமிருந்து சுரபுன்னைக் கன்றுகள் வாங்கி இரண்டு தடவை நட்டோம். இரண்டு தடவையும் மூன்றே மாதத்தில் கருகிவிட்டன. உப்புத் தண்ணீரில்தானே அது வளர்கிறது, அப்புறம் ஏன் இப்படி?

பதில்: கன்றில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. குட்டையின் கரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அலையாத்தி மரங்களுக்கு உப்பு பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பிடிக்கும் என்பதைவிடத் தாங்கும் என்பதே சரி. நல்ல தண்ணீரிலும் அவை வளரும். ஆனால் அங்கே மற்ற செடிகளோடு போட்டியிட முடியாது. உப்பை ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறது. சுரபுன்னை, வேரிலேயே உப்பில் பெரும்பகுதியை வடிகட்டி வெளியே நிறுத்திவிடும். வெண்கண்டல் உப்பை ஓரளவு உள்ளே விட்டு, இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியேற்றும். மழையில்லாத நாளில் அதன் இலையைத் தடவினால் விரலில் உப்பு நறநறக்கும்.

இரண்டுக்கும் பொதுவான சிக்கல் மூச்சு. சேற்றுக்குள் காற்று இல்லை. வெண்கண்டலைச் சுற்றிப் பென்சில் நட்டதுபோலச் சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்பவை மூச்சு வேர்கள். சுரபுன்னைக்கு அந்த வேலையைத் தாங்குவேர்கள் செய்கின்றன. அவற்றின் மேலுள்ள நுண்துளைகள் வற்றத்தின்போது (கடல்நீர் இறங்கும் நேரத்தில்) காற்று வாங்கும். அதாவது, தண்ணீர் ஏறுவது மட்டும் போதாது, இறங்கவும் வேண்டும்.

கரை போட்ட குட்டையில் இது நடக்காது. கடல்நீர் ஏற்றத்திலோ மழையிலோ உள்ளே வந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நிற்கும். வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போகும், உப்பு அங்கேயே தங்கும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீர் பாதியாக வற்றினால் 70 கிராம் ஆகிவிடும். இளங்கன்று அதை எப்படித் தாங்கும்?

பிச்சாவரத்திலேயே இது நடந்திருக்கிறது. அங்கே முன்பு மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் வெயில் பட்டு மண் இறுகித் தாழ்ந்து, தொட்டிபோல ஆனது. தேங்கிய நீரில் உப்பு ஏறி, மரம் மறுபடி முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன் முள்போல நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என்று வெட்டி ஓதநீரை (ஏறி இறங்கும் கடல்நீரை) உள்ளே விட்டார்கள். காடு திரும்பியது.

உங்கள் குட்டைக்கும் அதுவே வழி. கழிப்பக்கக் கரையில் வற்றத்தின்போது தண்ணீர் முழுதும் வடிகிற ஆழத்துக்கு ஒரு திறப்பு, உள்ளே கிளை வாய்க்கால்கள். அதற்கு முன் நிலம் உங்கள் பட்டாவில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருப்பதால் வனத்துறையிடமும் கேட்டுவிடுங்கள். மண்வெட்டியை அப்புறம் எடுக்கலாம்.

கன்றை வாய்க்காலின் அடியிலும் வைக்க வேண்டாம், மேட்டிலும் வேண்டாம். சரிவின் நடுப்பகுதிதான் இடம். உங்கள் கடலோரத்தில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்குள்தான் என்பதால் ஒரு சாண் வித்தியாசமே கன்றின் தலையெழுத்தை மாற்றிவிடும். பக்கத்து இறால் பண்ணையில் தண்ணீரின் உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கும். கடன் வாங்கி, கோடையில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை உப்பைப் பாருங்கள்.

இன்னொன்று, மரத் தேர்வு. முத்துப்பேட்டைக் காட்டில் பெரும்பாலும் வெண்கண்டல்தான். சுரபுன்னையைவிட அதிக உப்பைத் தாங்கும். அதைத்தான் நான் முதலில் வைப்பேன். சுரபுன்னையை, உப்பு இறங்கிய பிறகு வாய்க்கால் ஓரத்தில் நாலைந்து மட்டும் வைத்துப் பாருங்கள்.

உண்மையில் நீங்கள் நடவே வேண்டியிராது. வெண்கண்டலின் வித்து தாய்மரத்தில் இருக்கும்போதே தோலுக்குள் முளைவிட்டிருக்கும். தண்ணீரில் விழுந்ததும் தோல் கழன்று மிதந்து வரும், சேறு கிடைத்தால் சில நாளில் வேர் பிடிக்கும். பக்கத்தில் காடு இருக்கிறதே! கரையைத் திறந்துவிட்டு ஒரு மழைக்காலம் பொறுங்கள். தானாக வந்த கன்று தென்படாத இடத்தில் மட்டும் நடுங்கள். ஆடு மாடுகளுக்கு வெண்கண்டல் தழை ரொம்பப் பிடிக்கும். முதல் இரண்டு மூன்று வருடம் அவை வரும் பக்கம் முள்வேலி போட்டுவிடுங்கள்.