வார இறுதியில் கரையிலிருந்து தூண்டில் போடத் திட்டம், வானிலையோ மோசம். போகலாமா, கைவிடலாமா?

கேள்வி கேட்டவர் தந்திருக்கும் விவரங்களை முதலில் தொகுத்துக்கொள்கிறேன். மூன்று பேர் செல்கிறீர்கள். முன்னறிவிப்பின்படி சனிக்கிழமை கடலிலிருந்து கரையை நோக்கி மணிக்கு 35 கிலோமீட்டர் காற்று, மழை, இடி, 2.1 மீட்டர் அலை, 7 விநாடி அலை இடைவெளி (ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட நேரம்). ஞாயிற்றுக்கிழமை காற்று 15 கிலோமீட்டராகக் குறையும், மழை நிற்கும், அலை 1.3 மீட்டராகத் தணியும், ஆனால் இடைவெளி 11 விநாடி ஆகும். மோசமான வானிலையில்தான் மீன் நன்றாக இரை எடுக்கும் என்றும், பாறை முனையிலிருந்து வீசலாம் என்றும் உங்கள் நண்பர் வற்புறுத்துகிறார்.

என் பதில்: சனிக்கிழமையை விட்டுவிடுங்கள், ஞாயிறு மணற்கரைக்குச் செல்லுங்கள், பாறை முனை இரண்டு நாளும் வேண்டாம். பல ஆண்டுகளாகக் கரையிலிருந்து தூண்டில் வீசிவரும் பழக்கத்தில் சொல்வதானால், 'மோசமான வானிலை' என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது மழை, காற்று, இடி, அலை என்ற நான்கு வெவ்வேறு விஷயங்களின் கலவை. அவற்றில் மழை வெறும் தொந்தரவு, காற்று வீச்சைக் கெடுப்பது, இடியும் அலையும் ஆளைக் கொல்லக்கூடியவை. பெரும்பாலோர் மழையைப் பார்த்துப் பயணத்தைக் கைவிடுகிறார்கள், வெயில் அடித்தால் அலையைப் பார்க்காமலே கிளம்பிவிடுகிறார்கள்.

இடியைப் பற்றி விவாதமே இல்லை. நம் கையில் இருக்கும் தூண்டில் கோல் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனது. அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதை நான்கு மீட்டர் உயரத்துக்கு நிமிர்த்திக்கொண்டு, சுற்றிலும் வேறு எந்த உயரமான பொருளும் இல்லாத ஈர மணலில் நாம் நிற்கிறோம். மின்னலைக் கண்டதிலிருந்து இடியோசை வந்து சேர எடுக்கும் விநாடிகளை மூன்றால் வகுத்தால் தொலைவு ஏறக்குறைய கிலோமீட்டரில் கிடைத்துவிடும். அந்த இடைவெளி 30 விநாடிக்குள் இருந்தால், அதாவது சுமார் 10 கிலோமீட்டருக்குள் என்றால், உடனே கரையை விட்டு விலக வேண்டும், கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்பக் கூடாது என்பது உலகெங்கும் பரவலாகச் சொல்லப்படும் விதி. என்னைக் கேட்டால், இடி காதில் விழுந்தாலே விலகிவிடுவதுதான் நல்லது. கூடாரமும் குடையும் பாதுகாப்பு ஆகா. கண்ணாடிகளை ஏற்றிவிட்ட, உலோகக் கூரையுள்ள வாகனம் பாதுகாப்புத் தரும். இந்த ஒரு காரணமே சனிக்கிழமையைக் கைவிடப் போதும்.

காற்றுக்கு வருவோம். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். உங்கள் இரண்டு நாள்களையும் ஒப்பிட்டால், சனிக்கிழமைக் காற்று நரம்பின் (தூண்டில் இழையின்) மீதும் கோலின் மீதும் ஞாயிற்றுக்கிழமையைவிட ஐந்து மடங்குக்கும் மேலான விசையைச் செலுத்தும். நேர் எதிரே 35 கிலோமீட்டர் காற்று வீசும்போது வீச்சுத் தூரம் குறைவது ஒருபுறமிருக்க, வீசிய நரம்பு காற்றில் வில்லாக வளைந்து ஈயக்குண்டைக் கரைப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், கோல் முனை ஓயாமல் ஆடுவதால் மீன் தொட்டதா காற்று தொட்டதா என்பதும் தெரியாது. அப்படிப்பட்ட நாளில் நின்றவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் தோள்வலிதான்.

இனி அலை. கேள்வியில் நீங்கள் அக்கறையில்லாமல் கடைசியில் குறிப்பிட்டிருக்கும் அந்த 11 விநாடி என்ற எண்தான் முழு முன்னறிவிப்பிலும் மிக முக்கியமானது. முன்னறிவிப்பில் காணும் அலை உயரம் என்பது வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஆகவே 1.3 மீட்டர் என்று போட்டிருக்கும் நாளில் எப்போதாவது 2.5 மீட்டரை ஒட்டிய தனி அலை வருவது இயல்புக்குள் அடங்கியதே. அடுத்து, அலை சுமந்து வரும் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தோடும் இடைவெளியோடும் சேர்ந்து பெருகும். உயரத்தை மட்டும் கொண்டு கணக்கிட்டால் ஞாயிற்றுக்கிழமைக் கடலின் வலிமை சனிக்கிழமையின் ஐந்தில் இரண்டு பங்கு என்று தோன்றும். இடைவெளியையும் சேர்த்தால் அது ஐந்தில் மூன்று பங்காகிவிடுகிறது. இதைவிட வியப்பானது, அலை உடைந்த பிறகு மணற்சரிவில் எவ்வளவு மேலே ஏறி வரும் என்ற கணக்கு. அது அலை உயரத்தையும் அலை நீளத்தையும் பெருக்கி வரும் தொகையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆழ்கடலில் 7 விநாடி அலையின் நீளம் ஏறத்தாழ 76 மீட்டர், 11 விநாடி அலைக்கு 189 மீட்டர். காற்று கரையில் குவித்துவைக்கும் நீரைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், தணிந்ததாகத் தோன்றும் ஞாயிற்றுக்கிழமை அலையே சரிவான மணலில் சனிக்கிழமை அலையைவிடக் கால்பங்கு கூடுதலாக ஏறிவரக்கூடும். வெயிலும் மென்காற்றுமாக இருக்கும் நாளில் கரையில் வைத்த பெட்டியும் பையும் திடீரென்று அடித்துச் செல்லப்படுவது இதனால்தான்.

நீண்ட இடைவெளி அலைகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. அவை கூட்டமாக வரும். சில நிமிடங்கள் கடல் சோம்பிக் கிடக்கும், பிறகு நான்கைந்து பெரிய அலைகள் வரிசையாக வந்து மறுபடி ஓய்ந்துவிடும். நீங்கள் போய்ச் சேர்ந்தது அந்த ஓய்வு நேரமாக இருந்தால் கடல் அமைதி என்றே நினைப்பீர்கள். எனவே கரையை அடைந்தவுடன் கோலைப் பிரிக்காமல் குறைந்தது இருபது நிமிடம் நின்று பாருங்கள். மிக உயர்ந்து ஏறிய நீர் மணலில் விட்டுச்சென்ற ஈரக்கோட்டைக் குறித்துக்கொண்டு, அதற்கும் நன்றாக மேலே பொருள்களை வையுங்கள். இந்தக் காத்திருப்பு வீணும் அல்ல. எங்கே வீசுவது என்பதையும் அந்த நேரத்தில்தான் கடல் காட்டிக்கொடுக்கும்.

பாறை முனை ஏன் கூடாது என்பதற்கும் இதே அலைக்கூட்டம்தான் காரணம். மணற்கரையில் அலை தன் ஆற்றலைச் சிறுகச் சிறுக இழந்து வருகிறது. ஆழமான நீரை ஒட்டிய பாறையிலோ அது இழப்பில்லாமல் வந்து மோதுகிறது. ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கும் அதிக எடை கொண்டது. முழங்கால் அளவு நீர்கூட வேகமாகப் பாய்ந்தால் வழுக்குப் பாறையில் நிற்பவரைச் சாய்த்துவிடும், சாய்ந்தவர் ஏறிவரும் இடம் அங்கே இருக்காது. உங்கள் நண்பர் இதற்கு முன் அங்கே பலமுறை நின்றிருக்கலாம். அந்த நாள்களின் அலை இடைவெளி என்னவென்று அவரைக் கேட்டுப் பாருங்கள். யாராவது நீரில் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்க வேண்டாம். மிதக்கும் எதையேனும், மீன் பெட்டியானாலும் மூடியிட்ட காலித் தண்ணீர்க் குடுவையானாலும், எறிந்துவிட்டு உதவிக்கு அழைப்பதே முறை.

மோசமான வானிலையில் மீன் நன்றாக இரை எடுக்கும் என்ற நண்பரின் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. காற்றழுத்தம் இறங்குவதை மீன் உணர்ந்து பசியெடுத்துத் திரிகிறது என்று பலர் சொல்வார்கள், நான் அதை நம்புவதில்லை. அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் இறங்குவது மீனுக்கு 10 சென்டிமீட்டர் மேலே நீந்துவதற்குச் சமம், அலையடிக்கும் கடலில் நொடிக்கு நொடி அதைவிடப் பெரிய மாற்றத்தை அது சந்தித்துக்கொண்டிருக்கிறது. உண்மையான காரணம் எளிமையானது. பேரலை அடிமணலைக் கிளறிப் புழுக்களையும் சிப்பிகளையும் சிறு நண்டுகளையும் வெளியே தள்ளுகிறது, கலங்கல் நீர் வேட்டை மீனுக்கு மறைவு தருகிறது, ஆகவே வழக்கமாகத் தொலைவில் நிற்கும் மீன் கரையை ஒட்டி வருகிறது. ஆனால் இந்த நன்மை புயற்காற்று வீசும் நேரத்தில் கிடைப்பதைவிட, காற்று அடங்கி, அலை தணியத் தொடங்கி, நீரில் கலங்கல் இன்னும் மீதமிருக்கும் அந்த இடைப்பொழுதில்தான் மிகுதியாகக் கிடைக்கிறது. உங்கள் முன்னறிவிப்பில் அது ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாள் விடுமுறையில் முதல் நாளை இழப்பதாக நினைக்க வேண்டாம், முதல் நாள் காற்றுதான் இரண்டாம் நாளுக்கான வேலையைச் செய்து வைக்கிறது.

அன்றைக்கு எல்லோரும் செய்யும் காரியம், தோளில் உள்ள பலம் முழுவதையும் திரட்டி முடிந்தவரை தொலைவாக வீசுவது. என்னோடு வழக்கமாக வரும் முதியவர் ஒருவர் காற்றடித்து ஓய்ந்த நாள்களில் முப்பது நாற்பது மீட்டருக்கு மேல் வீசவே மாட்டார். மற்றவர்களின் இரை மீனைத் தாண்டிப்போய் விழுந்துகொண்டிருக்க, அவருடைய கோல் வளையும். அவர் தேடுவது முதல் மணல்திட்டுக்கும் கரைக்கும் நடுவே நீளவாக்கில் ஓடும் பள்ளத்தை. திட்டின்மேல் அலை உடைந்து வெண்ணுரையாகும், பள்ளத்தின்மேல் வந்ததும் நுரை அடங்கி நீர் சற்றுக் கருத்துத் தெரியும், பிறகு கரையில் மறுபடி உடையும். அலை ஏறக்குறைய தன் உயரத்தைப் போல 1.3 மடங்கு ஆழத்தில் உடைகிறது என்பதால், அது எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் கடக்கிறது என்பதைக் கவனித்தாலே அடித்தளத்தின் வடிவம் புரிந்துவிடும். கடந்த மாதம் பார்த்துவைத்த பள்ளத்தை நம்ப வேண்டாம், ஒரு பெருங்காற்று மணலை முழுவதும் இடம்மாற்றியிருக்கும். கூடுமானால் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் போய்த் தரையைப் பார்த்துவிட்டு, ஓதம் ஏறும்போது தூண்டில் போடுங்கள்.

திட்டில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், அங்கே நுரையும் கலங்கலும் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தால், கரையில் குவிந்த நீர் திரும்பிச் செல்லும் வாய்க்கால் அது. கிளறப்பட்ட உணவு அதன் வழியே போவதால் மீனுக்கு நல்ல இடம், மனிதருக்கு ஆபத்தான இடம். அதன் ஓரத்தில் இரையைப் போடுங்கள், ஆனால் நீரில் இறங்கி நிற்காதீர்கள். தப்பித்தவறி அதில் சிக்கினால் எதிர்த்து நீந்தாமல், மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியேற வேண்டும். கலங்கிய கடலில் தொடையளவு நீரில் நின்று வீசும் பழக்கத்தை அன்றைக்கு ஒதுக்கிவையுங்கள். மீனே கரையருகில் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

கருவிகளில் மிகுதியாக மாற்ற வேண்டியதில்லை. அலை இழுக்கும் நீரில் சாதாரண ஈயக்குண்டு உருண்டுகொண்டே போகும். கம்பிக் கால்கள் கொண்ட, மணலைப் பற்றி நிற்கும் 150 கிராம் குண்டு வேண்டும். அந்த எடையை மெல்லிய நரம்பில் கட்டி முழுவீச்சில் வீசினால் நரம்பு அறுந்து, குண்டு துப்பாக்கிக் குண்டாகப் பக்கத்தில் நிற்பவரை நோக்கிப் பாயலாம். ஆகவே லீடர் எனப்படும் தடித்த நரம்பை முனையில் கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 28 கிராம் ஈயத்துக்கும் 10 பவுண்டு வலிமை என்பது கைக்கணக்கு, உங்கள் குண்டுக்கு 60 பவுண்டு நரம்பு போதும். கலங்கல் நீரில் மீன் கண்ணைவிட மூக்கையும், நீரின் அதிர்வை அறியும் உடலின் பக்கக்கோட்டு உணர்வையுமே நம்பும் என்பதால், பளபளக்கும் செயற்கை இரையைவிட எண்ணெய்ச் சத்துள்ள மீன் துண்டோ கணவாயோ மேல். அலை அதன் வாசனையை விரைவில் அலசிவிடும். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை புதிய துண்டு மாற்றுங்கள். உடைக்கு ஒரே குறிப்பு: பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி காய்வதில்லை, காற்றில் உடல் வெப்பத்தைப் பறித்துக்கொண்டே இருக்கும். மாற்றுடை ஒன்று வாகனத்தில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்கக்கூடியது ஒன்று மீதமிருக்கிறது, அது வானிலை முன்னறிவிப்பில் வராது. பெருங்காற்று அடித்தளத்திலிருந்து பிடுங்கிய கடற்களைகள் அலையோடு கரைக்கு வந்து மிதக்கும். வீசிய சில நிமிடங்களில் நரம்பில் அவை மாலையாகத் தொங்கி, குண்டைப் பெயர்த்துக் கரைக்கே கொண்டுவந்துவிடும். இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு எதுவும் இல்லை. களை பெரும்பாலும் கரை முழுவதும் சமமாகப் பரவாமல், நீரோட்டம் ஒதுக்கும் இடங்களில் திரள்வதால், ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். மாற்றிய இடத்திலும் இரண்டு மூன்று வீச்சுக்குக் களையே வருமானால் கோலை மடக்கிவிட்டுத் திரும்புவதுதான் வழி.