வெள்ளவத்தை ஃபிளாட்டில் காஸ் கீசர் பற்றிக்கொண்டு, ஐந்து செக்கனில் அணைந்து ‘ஈ1’ (E1) என்ற பிழைக் குறியைக் காட்டுகிறது. அதைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரோனிக் போர்டை மாற்ற வேண்டுமா?

போர்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அநேகமான மொடல்களில் ஈ1 என்றால், “காஸைத் திறந்தேன், நெருப்பு எரிவதாக எனக்குத் தெரியவில்லை” என்பது மட்டும்தான். எந்தப் பாகம் பழுது என்று அது சொல்லாது. இந்தக் குறி மொடலுக்கு மொடல் மாறும் என்பதால் கையேட்டையும் ஒருதரம் பாருங்கள்.

உங்களுடையது பற்றிக்கொண்டு, பிறகு அணைகிறது. அப்படியென்றால் காஸ் வருகிறது, பொறியும் அடிக்கிறது. சந்தேகம் முதலில் நெருப்பை உணரும் கம்பியில்தான் (உணரி). அந்தக் கம்பியிலிருந்து நெருப்பு வழியாகப் பர்னர் உலோகத்துக்கு மைக்ரோ அம்பியர் கணக்கில் ஒரு மெல்லிய மின்னோட்டம் போகும். கம்பியில் வெண்படலமோ கரியோ படிந்தால் அது தடைப்படும். எரிகிற நெருப்பே போர்டின் கண்ணுக்குத் தெரியாது, உடனே காஸை மூடிவிடும். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்றால் வயர் முனையில் பச்சைக் களிம்பும் பிடிக்கும்.

சிலிண்டரை மூடுங்கள், பற்றரியைக் கழற்றுங்கள், மின்சாரத்தில் இயங்குவதென்றால் பிளக்கையும் பிடுங்குங்கள். கீசர் ஆறிய பிறகு முன்மூடியைத் திறந்தால் பர்னருக்கு மேல் இரண்டு மூன்று கம்பிகள் தெரியும். தடித்த வயர் போவது பொறிக்கு, மெல்லிய வயர் போவது உணரிக்கு. உணரியை மெல்லிய இரும்புப் பஞ்சால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். முரட்டு உப்புத்தாள் வேண்டாம், கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் படியும். கம்பியை வளைக்கவும் கூடாது, அதன் நுனி நெருப்புக்குள் நிற்க வேண்டும். கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான் வெடித்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, உணரியையே மாற்றுங்கள். வயர் முனையையும் எர்த் வயரையும் இறுக்குங்கள்.

பற்றரி மொடலென்றால் இதற்கெல்லாம் முன்பே இரண்டு புது அல்கலைன் பற்றரி போட்டுப் பாருங்கள். ரீசார்ஜ் பற்றரி சரிவராது: ஒன்று 1.2 வோல்ட்தான், இரண்டும் சேர்ந்து 2.4. பொறி அடிக்கும், ஆனால் காஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்கப் பலம் போதாது.

“அடுப்பு நன்றாக எரிகிறதே, அப்ப காஸ் சரிதானே” என்று நினைக்க வேண்டாம். 6 லீட்டர் கீசர் ஏறத்தாழ 12 கிலோவாட் இழுக்கும், அடுப்பின் ஒரு பர்னர் 3 அளவில்தான். கீசருக்கு மணிக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் காஸ் போகும். 12.5 கிலோ சிலிண்டர் முடியும் தறுவாயில் இருந்தாலோ, ரெகுலேட்டர் பழசென்றாலோ அடுப்பு எரியும், கீசர் மட்டும் அணையும். ஆனால் அப்போது நெருப்பு சுருங்கிச் சுருங்கி அணைவதைக் கண்ணாடி ஓட்டையால் பார்க்கலாம். உணரிப் பிழையில் நல்ல நீல நெருப்பு சட்டென்று அணையும். வித்தியாசம் அதுதான்.

மஞ்சளாக எரிந்தால் வேறு கதை: பர்னரின் காற்று வழியில் தூசியோ சிலந்தி வலையோ அடைத்திருக்கும். அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

மூன்று தரத்துக்கு மேல் ரீசெட் பண்ண வேண்டாம். எரியாத காஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கி நிற்கும். மணம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறவுங்கள். கீசரைக் குளியலறைக்குள்ளேயே மாட்டியிருக்கிறார்கள், புகைக்குழாயும் வெளியே போகவில்லை என்றால், ஈ1 சரியானாலும் அதை ஓட்டாதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது.