பெட்டி தெரிகிறது, போல்டர்தான் திறக்கவில்லை: நாஸ் அனுமதிகள் பற்றிக் கேள்வி பதில்

யாழ்ப்பாணத்துச் சின்ன அலுவலகங்களுக்கும் ஸ்ரூடியோக்களுக்கும் நாஸ் பெட்டி, அதாவது நெட்வேர்க் வழியாக எல்லோரும் பைல்களைப் பகிரும் சேமிப்புப் பெட்டி, பூட்டிக் கொடுப்பது என் தொழில். அந்தப் பெட்டிகளில் 'அக்செஸ் டினைட்' (அனுமதி மறுப்பு) வந்தால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில். ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். அந்தச் செய்தியைக் கண்டவுடன் அனுமதியைக் கூட்டத் தொடங்காதீர்கள். பெட்டி உங்களை இப்போது எந்தப் பெயரில் அறிந்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். இணைந்திருப்பவர்களின் பட்டியல் எல்லாப் பெட்டியிலும் உண்டு. அரைவாசிப் பேருக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும்.

சுன்னாகம், ஸ்ரூடியோ: சினொலொஜி கொம்பனியின் நாஸ் பெட்டி. எடிற்றிங் செய்யும் மூன்று பேரையும் ஒரே குழுவில் போட்டு, கலியாணப் படங்கள் உள்ள போல்டரை வாசிக்கவும் எழுதவும் அனுமதி கொடுத்தேன். இரண்டு பேருக்குத் திறக்கிறது. மூன்றாவது பொடியனுக்கு அக்செஸ் டினைட். அவனுடைய பெயருக்குத் தனியாகக் கொடுத்தும் அசையவில்லை.

அவன் இன்னொரு குழுவிலும் இருக்கிறான். முன்பு பில் மேசையில் இருந்தவனா என்று பாருங்கள். அந்தக் குழுவுக்கு இந்தப் போல்டரில் 'அனுமதி இல்லை' என்று டிக் போட்டிருப்பீர்கள். சினொலொஜியில் முந்தும் வரிசை இதுதான்: 'அனுமதி இல்லை' முதலாவது, 'வாசி எழுது' இரண்டாவது, 'வாசிக்க மட்டும்' கடைசி. பத்துக் குழு அவனை விட்டாலும் ஒரு குழு மறித்தால் மறித்ததுதான்.

ஒரு கட்டத்திலும் டிக் போடாமல் விடுவது வேறு, 'அனுமதி இல்லை' என்று டிக் போடுவது வேறு. வெறுமையாக விட்டால் அந்தக் குழு எதுவும் சொல்லவில்லை என்று பொருள். வேறு வழியில் அனுமதி வந்தால் வரட்டும். டிக் போட்டால் அது தடை. வடிவாக இருக்கட்டும் என்று எல்லா வரியிலும் டிக் போட்டு வைப்பவர்கள்தான் பிறகு என்னைக் கூப்பிடுகிறார்கள். யூசரைத் திருத்தும் பக்கத்தில் அனுமதிகள் என்ற பகுதிக்குப் போனால், குழுவழி வரும் அனுமதியும் கடைசியில் உண்மையாகக் கிடைப்பதும் பக்கத்துப் பக்கத்து நிரலில் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. பொதுவாக இந்தப் பெட்டிகளில் சோதனை இரண்டு இடத்தில் நடக்கும். நெட்வேர்க்கில் பகிரும் அனுமதி படலை, உள்ளே இருக்கும் போல்டரின் அனுமதி வீட்டுக் கதவு. படலையைத் திறந்துவிட்டுக் கதவைப் பூட்டி வைத்தால் ஆள் முற்றத்தில்தான் நிற்கும். இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும்.

திருத்தியபின் அவனுடைய கொம்பியூட்டரில் லொக் ஓவ் செய்து திரும்ப வரச் சொல்லுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு பழைய குழுக்களையே பிடித்துக்கொண்டிருக்கும். திருத்தம் சரியாக இருந்தும் பலிக்கவில்லை என்று நினைத்து, இன்னும் நாலு திருத்தம் செய்து எல்லாவற்றையும் குழப்புவது இந்த இடத்தில்தான்.

கொக்குவில், கணக்காளர் அலுவலகம்: புது லப்ரொப்பில் விண்டோஸ் 11 புரோ. கடவுச்சொல் இல்லாமல் எல்லோரும் திறந்துவந்த பெட்டி அதில் மட்டும் திறக்கவில்லை. பழைய விண்டோஸ் 10 கொம்பியூட்டர்களில் பிரச்சினை இல்லை. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேட்டில்) ஒரு வரியை மாற்றினால் சரியாம் என்கிறார்கள்.

மாற்றாதீர்கள். 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 புரோ, நெட்வேர்க் கோப்புப் பரிமாற்றம் ஒவ்வொன்றிலும் கையொப்பம் கேட்கிறது. அந்தக் கையொப்பத்துக்கான சாவி நீங்கள் நுழையும் கடவுச்சொல்லை வைத்து உருவாவது. கெஸ்ட் ஆக வருபவருக்குக் கடவுச்சொல்லே இல்லை, சாவி எங்கிருந்து வரும்? ரெஜிஸ்ட்ரி வித்தை இந்தச் சோதனையை உங்கள் லப்ரொப்பில் தளர்த்திவிடும். பிறகு அந்த வைஃபையில் எவனாவது உங்கள் பெட்டியின் பெயரைப் போட்டுக்கொண்டு நின்றாலும் லப்ரொப் நம்பிப் போகும்.

ஆளுக்கொரு யூசர், ஆளுக்கொரு கடவுச்சொல். வேலை பத்து நிமிடம். மற்றவர்களின் வருமான வரிக் கணக்கை வைத்திருக்கும் இடம் ஐயா, கெஸ்ட் எதற்கு?

மானிப்பாய்: என் யூசரில் ஒரு போல்டரும் மகளின் யூசரில் இன்னொன்றும் ஒரே லப்ரொப்பில் திறக்கப் பார்த்தேன். ஒன்றுக்கு மேற்பட்ட யூசர் பெயரில் இணைய முடியாது என்கிறது.

ஒரு விண்டோஸ் அமர்வு ஒரு சேர்வருக்கு ஒரு பெயரில்தான் போகும். பிழை எண் 1219. கமாண்ட் விண்டோவில் நெட் யூஸ் என்று அடித்தால் இருக்கும் இணைப்புகள் தெரியும், அவற்றை நீக்குங்கள். கிரெடென்ஷியல் மனேஜரில் சேமித்து வைத்த பழைய பெயரையும் அழியுங்கள். இரண்டும் உண்மையாகவே தேவையென்றால் உங்கள் யூசருக்கே மகளின் போல்டரில் அனுமதி கொடுங்கள். ஒன்றைப் பெயரிலும் மற்றதை ஐபி முகவரியிலும் திறந்தால் விண்டோஸ் இரண்டு சேர்வர் என்று நம்பும். அது அவசரத்துக்குச் சரி.

கோப்பாய், மாணவர்: அண்ணை, சினொலொஜியில் இருக்கும் போல்டரை என்எஃப்எஸ் (லினக்ஸில் போல்டர் பகிரும் முறை) மூலம் உபுண்டு லினக்ஸில் மவுண்ட் பண்ணியிருக்கிறேன். வாசிக்க முடிகிறது, எழுத முடியவில்லை. இரண்டு பக்கமும் யூசர் பெயர் ஒன்றுதான். சிமோட் 777 (எல்லோருக்கும் முழு அனுமதி) போட்டால் வேலை செய்கிறது. அப்படியே விடலாமா?

விடாதேயும் தம்பி. என்எஃப்எஸ் வழமையான அமைப்பில் பெயரைப் பார்ப்பதே இல்லை, எண்ணைத்தான் பார்க்கும். உபுண்டுவில் முதல் யூசரின் எண் 1000. சினொலொஜியில் நீர் உருவாக்கும் முதல் யூசரின் எண் 1026. பெயர் ஒன்றாக இருந்தாலும் பெட்டிக்கு 1000 என்பவர் முன்பின் தெரியாத ஆள். இரண்டு பக்கமும் ஐடி என்று அடித்துப் பாரும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். உபுண்டுவில் 1026 என்ற எண்ணோடு ஒரு யூசரை உருவாக்கும், அல்லது பெட்டியின் என்எஃப்எஸ் விதியில் எல்லோரையும் ஒரு யூசராக மாற்றும் தெரிவை எடும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசர் ஆகப் போய்த் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். ரூட் ஸ்குவாஷ் போட்டிருந்தால் ரூட்டை ஒன்றுமில்லாதவனாக்கி உள்ளே விடும்.

777 என்றால் அந்த நெட்வேர்க்கில் உள்ளே வந்த எவனும் அழிக்கலாம். அதில் ஒரு கொம்பியூட்டருக்கு ரான்சம்வேர் வந்தால் அதுவும் உள்ளே வந்தவன்தான்.

திருநெல்வேலி: நாஸில் டொக்கர் என்ற தனிக் கூட்டுக்குள் ஜெலிஃபின் என்ற படம் பார்க்கும் மென்பொருள் ஓடுகிறது. படங்களைக் காணவில்லை. 777?

மேலே தம்பிக்குச் சொன்னதுதான். டொக்கருக்குள் ஓடும் மென்பொருளையும் பெட்டி ஒரு எண்ணாகத்தான் பார்க்கும். அந்த எண்ணுக்குப் போல்டரில் வாசிக்க அனுமதி கொடுங்கள். 777 வேண்டாம்.

பருத்தித்துறை, அச்சகம்: பழைய மக்கிலிருந்த வேலைகளை எல்லாம் ஆர்சிங்க் என்ற கொப்பி பண்ணும் கருவி மூலம் நாஸுக்கு ஏற்றினோம். இப்போது சில போல்டர் திறக்கிறது, சிலதைத் தொட்டால் இல்லை அல்லது அனுமதி இல்லை என்கிறது. ஒரே பெயரில் இரண்டு போல்டரும் நிற்கிறது. அனுமதிகளை எல்லாம் திரும்ப எழுதிப் பார்த்தும் பயனில்லை.

இந்தக் கேள்விக்காகவே மற்றக் கேள்விகளை வேகமாக முடித்தேன். திறக்காத போல்டர்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். 'கோவில் மலர்', 'பொங்கல் வாழ்த்து', 'தோட்டம்' என்று வரும். 'கலியாணம்', 'அந்தியேட்டி', 'நினைவு மலர்' எல்லாம் ஒழுங்காகத் திறக்கும். சரியா?

காரணம் ஒகர, ஓகாரக் குறிகள். யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று. ஏகாரக் கொம்பையும் காலையும் இரண்டு குறியாகப் பிரித்து வைப்பது மற்றது. திரையில் ஒரு மயிரிழை வித்தியாசமும் தெரியாது. பழைய மக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும். விண்டோஸில் நீங்கள் அடிப்பது பெரும்பாலும் சேர்ந்தது. நாஸுக்குள் இருப்பது லினக்ஸ், அதற்குப் பெயர் என்றால் வெறும் பைட் வரிசை, இரண்டும் வேறு வேறு பெயர். ஆர்சிங்க் பிரித்த பெயரை அப்படியே கொண்டுவந்து போட்டிருக்கிறது. உங்கள் கொம்பியூட்டர் சேர்ந்த பெயரைக் கேட்கிறது. அந்தப் பெயரில் பெட்டியில் ஒன்றும் இல்லை. அனுமதியை எத்தனை தரம் எழுதினாலும் இல்லாத போல்டர் எப்படித் திறக்கும்?

கொன்வ்எம்வி என்ற சின்னக் கருவி பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும். முதலில் ஓட்டும்போது என்ன மாற்றுவேன் என்று காட்டுமே ஒழிய மாற்றாது. பட்டியலை வாசித்துவிட்டு உண்மையாக ஓட்டுங்கள். இரட்டையாக நிற்கும் போல்டர்களை அதற்கு முன் கையால் ஒன்றாக்குங்கள். அதற்கும் முன், ஒரு பிரதி எடுங்கள்.

ஓய்வுபெற்ற கணினி அலுவலர், நல்லூர்: இதற்காகத்தான் நான் எப்போதும் சொல்வது, பைல் பெயர் ஆங்கிலத்தில் மட்டும் இருக்க வேண்டும் என்று. தமிழில் பெயர் வைப்பது உணர்ச்சிக்கு நல்லது, சேர்வருக்குக் கெட்டது.

தனியார் வகுப்பு ஆசிரியை, கொண்டாவில்: ஐயா, என் பிள்ளைகள் பாடக்குறிப்பைத் தமிழில் தேடுகிறார்கள். 'பங்குனி உத்தரம்' என்பதை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். பிறகு யார் தேடி எடுப்பது?

ரீச்சர் சொல்வதுதான் என் கட்சி. ஆனால் ஐயா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை எண்ணிப் பார்ப்போம். லினக்ஸ் பெட்டியில் ஒரு பெயருக்கு 255 பைட் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று. 'யாழ்ப்பாணம்' என்பதில் புள்ளி, கால் எல்லாம் சேர்த்து 11 குறி, 33 பைட். ஆக மொத்தம் 85 குறி வரை வைக்கலாம். அது காணும். சினொலொஜியில் போல்டரை என்கிரிப்ட் செய்தால் (சாவி போட்டு மறைத்தால்) இடம் 143 பைட்டாகச் சுருங்கும், தமிழில் 47 குறி. 'அமரர் இன்னாரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் கடைசித் திருத்தம்' என்று பெயர் வைத்தால் கொப்பி பாதியில் நிற்கும். அங்கே வரும் பிழையையும் அனுமதிப் பிரச்சினை என்றுதான் எனக்கு எழுதுகிறார்கள்.

ஆகவே தமிழில் வையுங்கள், சுருக்கமாக வையுங்கள், முன்னால் திகதியை இலக்கத்தில் போடுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த பெயரை மட்டும் வைக்காதீர்கள். எக்ஸ்புளோரருக்கு பாமினி தெரியாது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பையாகத்தான் காட்டும்.

அதே ஓய்வுபெற்ற அலுவலர்: 85 என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். ஆங்கிலத்தில் 255. மக், விண்டோஸ், லினக்ஸ் மூன்றிலும் வம்பில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

தேடுபவர் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் வேண்டும். 255 எழுத்தில் பைல் பெயர் வைக்கும் மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அச்சகத்தில் நடந்தது கொண்டுவந்த விதத்தால் வந்த கோளாறு. மொழியின் தலையில் போட வேண்டாம்.

சாவகச்சேரி: பைல் பெயரை இரண்டு மொழியிலும் கலந்து...

வையுங்கள். இந்தச் சண்டையை இதோடு நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கச்சேரியடி, போட்டோகொப்பி கடை: பழைய மெசினிலிருந்து ஸ்கான் நாஸுக்குப் போகவில்லை. திருத்த வந்தவர் எஸ்எம்பி 1ஐ (விண்டோஸ் பைல் பகிர்வின் பழைய பதிப்பை) போட்டுவிடச் சொல்கிறார்.

2017 மே மாதம் வோனாகிரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுவதும் ஓடித் திரிந்தது அந்த எஸ்எம்பி 1 வழியாகத்தான். மைக்ரோசொப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே திருத்தம் கொடுத்திருந்தும் போடாதவர்கள் அடிபட்டார்கள். மெசினில் எஃப்டிபி (பைல் அனுப்பும் பழைய முறை) தெரிவு இருக்கும். ஸ்கானுக்கு மட்டும் ஒரு போல்டர், அதற்கு மட்டும் எழுதக்கூடிய ஒரு யூசர், வேறு எதையும் தொட முடியாதபடி. எஃப்டிபியில் கடவுச்சொல் வெளிப்படையாகப் போகும், ஆகவே அந்தக் கடவுச்சொல்லை வேறெங்கும் பாவிக்காதீர்கள்.

உரும்பிராய்: விண்டோஸுக்குள் நுழையும் பின் எண்ணைப் போட்டால் நாஸ் ஏற்கவில்லை.

பின் எண் அந்தக் கொம்பியூட்டருக்கு மட்டும் உரியது. பெட்டியில் உங்களுக்கு இருக்கும் யூசரும் கடவுச்சொல்லும் வேண்டும். யூசருக்கு முன்னால் பெட்டியின் பெயரும் ஒரு பின்சாய்கோடும் போடுங்கள்.

நெல்லியடி: எவ்ரிவன் (எல்லோரும்) என்பதற்கு முழு அனுமதி கொடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

இல்லை. 777 வேட்டி கட்டி வந்தாலும் 777தான்.

மருத்துவ நிலையம், பெயர் வேண்டாம்: கரண்ட் போய் வந்தபின் டொமைனில் (எல்லா யூசரையும் ஒரே சேர்வர் நிர்வகிக்கும் அமைப்பில்) உள்ள ஒருவருக்கும் நாஸ் திறக்கவில்லை. ஒரு அனுமதியையும் நாங்கள் தொடவில்லை.

பெட்டியின் மணிக்கூட்டைப் பாருங்கள். டொமைன் சேர்வரின் நேரத்துக்கும் அதற்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டொமைனில் ஆளை உறுதிசெய்யும் கெர்பரோஸ் முறை யாரையும் உள்ளே விடாது. உள்ளே இருக்கும் சின்ன பற்றரி செத்திருந்தால் கரண்ட் போகும் ஒவ்வொரு தரமும் இதேதான். பற்றரியை மாற்றி, இரண்டையும் ஒரே நேர சேர்வரைப் பார்க்க வையுங்கள்.

யாழ் நகர்: எந்த நாஸ் வாங்கலாம்?

இன்று அனுமதிகள் மட்டும்.

அரியாலை: பெட்டியைப் பூட்டித் தந்த பொடியன் கனடா போய்விட்டான். அட்மின் கடவுச்சொல் அவனிடம். போனுக்குப் பதில் இல்லை. சினொலொஜிதான். டேற்றா போகாமல் திறக்கலாமா?

திறக்கலாம். பின்பக்கம் ரீசெட் என்று ஒரு சின்ன ஓட்டை இருக்கும். கடதாசிக் கிளிப்பை நிமிர்த்தி நாலு விநாடி போல அழுத்துங்கள், ஒரு பீப் கேட்டவுடன் கையை எடுங்கள். உடனே திரும்ப அழுத்தாதீர்கள். அடுத்தடுத்து அழுத்தினால் பெட்டி மென்பொருளைத் திரும்ப ஏற்றும் நிலைக்குப் போகும். ஒரு தரத்தோடு நிறுத்தினால் பைல்கள் அப்படியே இருக்கும், அட்மின் கடவுச்சொல்லும் நெட்வேர்க் அமைப்பும் மட்டும் தொடக்க நிலைக்கு வரும். ஐபி முகவரி மாறலாம், ஆகவே முகவரியால் இணைத்த டிரைவ்கள் திறக்காது. அதைப் பார்த்து அனுமதி போய்விட்டது என்று பயந்து எனக்கு எழுத வேண்டாம், ரவுட்டரில் புது முகவரியைப் பாருங்கள். என்கிரிப்ட் செய்த போல்டர் ஏதும் இருந்தால் அதன் சாவியை அந்தப் பொடியனிடம் வாங்கியே ஆக வேண்டும். அதற்கு ஓட்டை இல்லை.