ஃபோர்மேன் பதில்கள்: தள்ளு, பிடி, பின்

கோவையில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் மோல்டிங் பட்டறைகளில் 31 வருடம் ஓட்டியவன் நான். ஹெல்ப்பராகச் சேர்ந்து ஃபோர்மேனாக வெளியே வந்தேன். பிளாஸ்டிக் பட்டறைப் பேச்சு பற்றி ஏதாவது கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்ததில் எனக்குப் பிடித்தவற்றுக்கு இங்கே பதில்.

என் மகன் சிப்பெட்டில் (மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்) டிப்ளமோ படிக்கிறான். பயிற்சிக்குப் போகும் கம்பெனியிலிருந்து போன் பண்ணி, “இன்னைக்குப் பூரா ஷார்ட் அடிச்சுட்டே இருந்துச்சும்மா” என்கிறான். பகீரென்கிறது. கரண்ட் விஷயமா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பயப்படாதீங்கம்மா, பையன் பத்திரமாகத்தான் இருக்கிறான். மூடிய டைக்குள், அதாவது அச்சுக்குள், உருகிய பிளாஸ்டிக்கை மெஷின் ஒரு தடவை தள்ளினால் அது ஒரு ‘ஷாட்’. டை முழுக்க நிரம்பாமல் பாதியில் நின்றுவிட்டால் ‘ஷார்ட்’. பக்கெட் வரும், கைப்பிடி மாட்டும் காது இருக்காது. சீப்பு வரும், கடைசி நாலு பல் இருக்காது.

சூடு போதாமல் இருக்கலாம், சரக்கு (உள்ளே போடும் பிளாஸ்டிக்) போதாமல் இருக்கலாம். பையனிடம் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: “காத்து வெளியே போக வழி இருக்கா?” பிளாஸ்டிக் உள்ளே வரும்போது டைக்குள் இருக்கும் காற்று வெளியேற வேண்டும். அதற்காக மயிரிழையைவிட மெல்லிய பள்ளம் வெட்டியிருப்பார்கள், அதுதான் வென்ட். அது அடைத்துக்கொண்டால் காற்று மூலையில் மாட்டி அமுங்கி, டீசல் என்ஜினுக்குள் நடப்பதுபோலச் சூடேறி, பிளாஸ்டிக்கையே கருக்கிவிடும். ஷார்ட் வந்த ஓரம் கருப்பாக இருந்தால் வென்ட்டைத் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. சிப்பெட் 1968-ல் கிண்டியில் தொடங்கிய நிறுவனம். இதையெல்லாம் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

‘120 டன் மெஷின்’ என்கிறார்களே, அது மெஷினின் எடையா? (திருப்பூர்)

இல்லை. டையின் இரண்டு பாதியையும் எவ்வளவு பலமாக அமுக்கிப் பிடிக்கும் என்பதன் கணக்கு. உள்ளே பாயும் பிளாஸ்டிக் டையைத் திறக்கப் பார்க்கும், மெஷின் விடாமல் பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டரில் ஒரு டப்பா மூடி என்று வையுங்கள். பரப்பு 300 சதுர சென்டிமீட்டர். டைக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோ அழுத்தம் வரும் என்று எடுத்துக்கொண்டால் 90,000 கிலோ, அதாவது 90 டன். கொஞ்சம் கையிருப்பு வைத்து 120 டன் மெஷினில் ஏற்றுவோம். சரக்கையும் சுவர் கனத்தையும் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். ஆனால் கொட்டேஷன் கேட்டு வருபவர் முன்னால் காகிதத்தில் போட்டுக் காட்ட இது போதும்.

பழைய ஆட்கள் டன் சொல்ல மாட்டார்கள், “எட்டு அவுன்ஸ் மெஷின்” என்பார்கள். அது ஒரு ஷாட்டில் எவ்வளவு சரக்கைத் தள்ளும் என்ற கணக்கு. அந்த அளவை பாலிஸ்டைரீனை வைத்துத்தான் சொல்வார்கள். பிபி (பாலிப்ரோப்பிலீன்) அதைவிட லேசானது, அதே மெஷினில் கிராம் குறைந்துதான் வரும். இது தெரியாமல் ஆர்டர் பிடித்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

புது ஆபரேட்டர் நான். மெஷினை செட் பண்ணும் செட்டர் “பிரஷரைக் கூட்டு” என்கிறார். திரையில் மூன்று பிரஷர் இருக்கிறது. எதைக் கூட்ட? திருப்பிக் கேட்டால் முறைக்கிறார். (ஓசூர்)

தம்பி, அவர் முறைத்தாலும் கேளுங்கள். கேட்காததால் வந்த கதை ஒன்று என்னிடம் இருக்கிறது, அதில் குற்றவாளி நான்தான்.

அப்போது நான் இருந்த கம்பெனியில் மிக்ஸி மூடி ஓடிக்கொண்டிருந்தது. ஏபிஎஸ் பிளாஸ்டிக், வெள்ளை, இரண்டு கேவிட்டி (ஒரு ஷாட்டுக்கு இரண்டு மூடி), 40 விநாடிக்கு ஒரு ஷாட். ராத்திரி ஒரு மணிக்கு ஷிஃப்ட் பையன் போன் பண்ணினான். “அண்ணா, ஓரத்துல பிசிறு வருதுங்கண்ணா.” நான் கண்ணைத் திறக்காமலே, “பிரஷரைப் பத்து குறைடா” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

நான் நினைத்தது இன்ஜெக்ஷன் பிரஷர். அவன் குறைத்தது ஹோல்டிங் பிரஷர்.

இரண்டும் எப்படி வேறு என்று சொல்கிறேன். மெஷினுக்குள் சரக்கை உருக்கித் தள்ளும் ஸ்க்ரூ முன்னால் பாய்ந்து டையை ஏறக்குறைய நிரப்புவது முதல் கட்டம், அதற்கு இன்ஜெக்ஷன் பிரஷர். நிரம்பிய பிளாஸ்டிக் ஆற ஆறச் சுருங்கும். சுருங்கிய இடத்தை ஈடுகட்ட, கேட் (டைக்குள் சரக்கு நுழையும் வாய்) உறைகிற வரை பின்னாலிருந்து சரக்கை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அது ஹோல்டிங். அப்படி அமுக்க ஸ்க்ரூவின் முனையில் சில மில்லிமீட்டர் சரக்கு மிச்சம் இருக்க வேண்டும். அதற்குக் குஷன் என்று பெயர், அது இல்லாவிட்டால் எந்த நம்பர் போட்டும் பிரயோஜனமில்லை. மூன்றாவது பேக் பிரஷர். அடுத்த ஷாட்டுக்காக ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே பின்வாங்கும்போது அதைச் சற்றே தடுத்துப் பிடிப்பது அது. சரக்கு நன்றாகக் கலக்கவும் கலர் திட்டுத்திட்டாக வராமல் இருக்கவும் உதவும்.

ஹோல்டிங் குறைந்தால் என்ன ஆகும்? கனமான இடம் உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடிக்கு அடியில் ஸ்க்ரூ மாட்டும் தூண்கள் நாலு இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேர் மேலே, பளபளப்பான முகத்தில், கட்டைவிரலால் அமுக்கினது போல ஒரு பள்ளம். டையிலிருந்து சூடாக வரும்போது அவ்வளவாகத் தெரியாது, ஆறினால்தான் தெரியும். அதுவும் டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால்தான் பளிச்சென்று தெரியும். பையன் ஓரத்துப் பிசிறை மட்டும் பார்த்துக்கொண்டு, கத்தியால் சீவிச் சீவி அட்டைப் பெட்டியில் அடுக்கிவிட்டான். ஒரு மணியிலிருந்து ஏழு மணி வரை 540 ஷாட், 1,080 மூடி. நான் காலையில் பெட்டியைத் திறந்து முதல் மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தபோதே வயிறு கலங்கியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிசிறுக்கும் பிரஷருக்கும் சம்பந்தமே இல்லை. டை முகத்தில் முந்தின ஷாட்டின் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது, டை முழுசாக மூடவில்லை. பித்தளைக் கம்பியால் சுரண்டி எடுத்தோம், பிசிறு நின்றது. 1,080 மூடியும் அரவைக்குப் போனது. முதலாளி பையனைத் திட்டினார். நான் சொன்னதில்தான் தப்பு என்று சொல்ல எனக்கு மதியம் வரை ஆனது. அதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் ஒவ்வொரு மெஷினிலும் அட்டையில் எழுதி ஒட்டினேன்: தள்ளு, பிடி, பின். இன்ஜெக்ஷன், ஹோல்டிங், பேக். “பிடியில பத்து குறை” என்றால் யாருக்கும் குழப்பம் வராது. உங்கள் செட்டருக்கும் இந்த மூன்று சொல்லைச் சொல்லிப் பாருங்கள், முறைப்பது குறையலாம்.

நைலான் சரக்கைப் போடுமுன் மணிக்கணக்கில் காய வைக்கிறார்கள். அதே நைலானில் செய்த கிளிப்பை வெந்நீரில் ஊற வைக்கிறார்கள். இது என்ன கூத்து? (சென்னை, அம்பத்தூர்)

கூத்தேதான், ஆனால் இரண்டும் சரி. நைலானுக்குத் தண்ணீர் என்றால் உயிர், காற்றிலிருக்கும் ஈரத்தையே குடிக்கும். ஈரத்தோடு உருக்கினால் அந்த ஈரம் ஆவியாகி, பொருளின் மேல் வெள்ளிக் கோடு கோடாக ஓடும், நைலானின் மூலக்கூறுச் சங்கிலியும் அறுந்து வலு போய்விடும். அதனால் ட்ரையரில் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஆனால் டையிலிருந்து அப்போதுதான் வந்த கிளிப்பில் ஈரமே இல்லை, வளைத்தால் பட்டென்று உடையும். கொஞ்சம் தண்ணீர் குடித்தால்தான் வளைந்து கொடுக்கும். உங்கள் வீட்டில் கேபிள் டை கட்டு இருக்கிறதா? அதன் பையை ஒட்டியே வைக்கச் சொல்வது இதற்குத்தான். பிரித்துப் போட்டு வறட்சியான இடத்தில் நாள்பட விட்டால் இழுக்கும்போது கையோடு வந்துவிடும்.

டை, மோல்டு: எது சரி? (கரூர்)

புத்தகப்படி இன்ஜெக்ஷனுக்கு மோல்டு, பைப் இழுக்கும் எக்ஸ்ட்ரூஷனுக்கு டை. எங்கள் ஊரில் எல்லாமே டைதான். பர்ச்சேஸ் ஆர்டரில் மட்டும் ‘மோல்டு’ என்று எழுதுங்கள். சமையலறை உதாரணம் வேண்டுமென்றால், முறுக்கு நாழி எக்ஸ்ட்ரூஷன். கொழுக்கட்டை அச்சு கம்ப்ரஷன் மோல்டிங். இன்ஜெக்ஷனுக்கு எங்கள் வீட்டுச் சமையலறையில் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

‘நெகிழி’ என்ற அழகான சொல் இருக்க, ஏன் ஆங்கிலத்தையே கட்டி அழுகிறீர்கள்? (தஞ்சாவூர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்)

ஐயா, நெகிழி எனக்கும் பிடித்த சொல்தான். ‘ஞெகிழி’ என்று தேடப்போய் அகராதியில் ‘கொள்ளிக்கட்டை’ என்று பார்த்துச் சிரித்தேன், பிளாஸ்டிக் எரியும் நாற்றம் தெரிந்தவனுக்கு அதுவும் பொருத்தமாகத்தான் பட்டது. ஆனால் பட்டறையில் தமிழ் இல்லாமல் இல்லை. பிசிறு, பள்ளம், கருகல், அரவை இதெல்லாம் யாரும் குழு போட்டு உண்டாக்காத சொற்கள். ஹெல்ப்பர்கள் வாயிலிருந்து வந்தவை. ‘உட்செலுத்து வார்ப்பு’ என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்குப் போனில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு ஷாட் ஓடிவிடும். ‘தள்ளு, பிடி, பின்’னுக்கு நீங்கள் மதிப்பெண் போட்டால் பெருமையாக வைத்துக்கொள்வேன்.

பிளாஸ்டிக் நாற்காலியின் அடியில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம் இருக்கிறதே, என்ன அது? (உடுமலை, ஏழாம் வகுப்பு மாணவி)

நல்லா பார்த்திருக்கே பாப்பா! வட்டத்தில் 1 முதல் 12 வரை மாதங்கள். நடுவில் அம்புக்குறி, அதன் இரண்டு பக்கமும் வருடத்தின் கடைசி இரண்டு எண்கள். அம்பு எந்த மாதத்தைக் காட்டுகிறதோ அந்த மாதம் அடித்த நாற்காலி. டைக்குள் ஒரு சின்ன ஸ்க்ரூ தலை போல இருக்கும், மாதம் பிறந்ததும் டெக்னீஷியன் திருப்பி வைக்க வேண்டும். சில சமயம் மறந்தும் போவோம். பக்கத்தில் முக்கோணத்துக்குள் 5 இருந்தால் அது பிபி.

எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடப்பதைத் திருப்பிப் பார்த்தேன். அம்பு 11-ல், வருடம் 09. ஒரு கால் மட்டும் விரிசல். இரண்டு பக்கமிருந்து வந்த பிளாஸ்டிக் சந்தித்து ஒட்டிய வெல்டு லைனில், நூல் பிடித்த மாதிரி நேராக.